முதல் கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்

இணையவழிக் கற்பனை உலக விளையாட்டு ஒன்றை முதன்முதலாகத் திறப்பவரிடம், அதன் மிகக் கடினமான கேள்வி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்கப்பட்டுவிடுகிறது. நீ எந்த இனம்? எந்த கிளாஸ்? இன்றைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கிளாஸ்கள் மட்டுமே 13; இனங்கள் அதைவிட அதிகம். கில்டு வார்ஸ் 2இல் 9 கிளாஸ்களும் 5 இனங்களும் இருக்கின்றன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் இனங்கள் 10. அந்த உலகத்தில் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்காத ஒருவர், இவற்றில் ஒன்றைச் சுட்டி இதுதான் நான் என்று சொல்லியாக வேண்டும். பலர் அந்தத் திரையோடு நின்றுவிடுகிறார்கள். அதில் அவர்கள் தவறு ஏதும் இல்லை.

2019இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் திரும்ப வந்தபோது, என் அக்கா மகள் அந்தத் திரைக்கு முன்னால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தாள். "சித்தி, இதில் யார் பலசாலி?" என்று கேட்டாள். "விளையாடும்போது உன் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தால் உனக்குச் சலிக்காது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. புதிதாக வரும் யாருக்கும் அது உடனே புரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கேள்வியைப் புரியவைக்கவே இதை எழுதுகிறேன்.

கிளாஸ் என்பது தொழில்

இந்த விளையாட்டுகளில் கிளாஸ் என்றால் கதாபாத்திரம் கற்ற தொழில். எந்த ஆயுதத்தைப் பிடிக்கலாம், எந்தக் கவசத்தை அணியலாம், லெவல் ஏற ஏற என்னென்ன வித்தைகள் கைக்கு வரும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கிளாஸ். இனம் என்பது உடல்: மனிதர், குள்ளர், எல்ஃப், ஓர்க் என்று போகும் பட்டியல். தொழிலும் உடலும் சேர்ந்தால் ஒரு கதாபாத்திரம்.

இந்த ஏற்பாடு இணைய விளையாட்டுகளுக்கு முந்தியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடும் விளையாட்டு. அதில் இருந்த கிளாஸ்கள் மூன்றுதான். கவசம் அணிந்து நேருக்கு நேர் மோதும் போர்வீரர், மந்திரத்தால் தாக்கும் மந்திரவாதி, காயம் ஆற்றும் சமயகுரு. பூட்டை உடைத்தும் பதுங்கிச் சென்றும் காரியம் முடிக்கும் திருடர், 1975இல் வந்த இணைப்பு நூலில் நான்காவதாகச் சேர்ந்தார்.

இன்றைய விளையாட்டுகளில் நீங்கள் காணும் நீண்ட பட்டியலில் பெரும்பாலானவர்கள் இந்த நால்வரின் வழித்தோன்றல்கள்தாம். போர்வீரரையும் சமயகுருவையும் கலந்தால் பாலடின். மந்திரவாதியை இருட்டுப் பக்கம் நகர்த்தி, ஏவலுக்கு ஒரு பூதத்தையும் கொடுத்தால் வார்லாக். போர்வீரரின் கையில் வில்லைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினால் ஹன்டர் அல்லது ரேஞ்சர். ஆகவே முன்பின் கேள்விப்படாத பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். எந்த விளையாட்டில் எந்த கிளாஸைப் பார்த்தாலும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும்: இவர் எதிரியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? இவருடைய கண் எதிரியின் மேல் இருக்கிறதா, தோழர்களின் மேல் இருக்கிறதா?

எல்லா விளையாட்டுகளும் இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் கிளாஸ் என்ற ஒன்றே கிடையாது. வாள் பிடித்தால் வாள்திறன் வளரும், மீன் பிடித்தால் மீன்பிடித் திறன் வளரும். எனக்கு அந்த முறையின் மேல் தனி மதிப்பு உண்டு. ஆனால் பின்னால் வந்த பெரிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை கிளாஸ் முறையையே பிடித்துக்கொண்டன.

குழுவில் மூன்று வேலைகள்

தனியாகச் சுற்றும்போது எந்த கிளாஸும் தன்னால் இயன்றபடி சண்டையிட்டுப் பிழைத்துக்கொள்ளும். எதிரிகள் நிறைந்த குகை, கோட்டை போன்ற ஒரு டன்ஜனுக்குள் குழுவாக நுழைந்ததும் வேலைகள் பிரிந்துவிடும். அடியை முன்னால் நின்று வாங்குபவர் டேங்க். அவர் சாயாமல் பார்த்துக்கொள்பவர் ஹீலர். எதிரியை வீழ்த்துவது மற்றவர்களின் வேலை. அதை டேமேஜ் என்பார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ். ஃபைனல் ஃபேன்டஸி 14இல் நால்வர் குழு. அங்கே டேமேஜ் இருவர்.

ஓர் அரக்கன் எளிதாக விழக்கூடிய மந்திரவாதியை விட்டுவிட்டு, இரும்புக் கவசம் போட்ட டேங்கையே ஏன் அடித்துக்கொண்டிருக்கிறான்? புதியவர்கள் இதைக் கேட்காமலே கடந்துபோகிறார்கள். ஆனால் குழுவில் நடக்கும் ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் இதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு எதிரியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தன்னை யார் எவ்வளவு காயப்படுத்தினார்கள், தன் எதிராளியை யார் எவ்வளவு குணப்படுத்தினார்கள் என்பதை எண்களாகக் கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் மேல்தான் அது பாயும். டேங்கின் வித்தைகள் இந்த எண்ணை வேகமாக ஏற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டவை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில், அருகில் நின்று அடிப்பவர் முதலிடத்தில் இருப்பவரின் கணக்கை 10 விழுக்காடு தாண்டினால் எதிரி அவர் பக்கம் திரும்பிவிடும். தூரத்தில் நிற்பவருக்கு இந்த வரம்பு 30 விழுக்காடு. ஆக, தள்ளி நிற்பவருக்குத் தவறு செய்ய மூன்று மடங்கு இடம் இருக்கிறது. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். இது பின்னால் உதவும்.

மூன்று வேலைகளில் புதியவருக்கு ஏற்றது எது? டேங்காக இருப்பவர்தான் பொதுவாக முன்னால் நடப்பவர். எந்த வழியில் போவது, எந்தக் கூட்டத்தை முதலில் இழுப்பது என்று அவரைத்தான் மற்றவர்கள் எதிர்பார்ப்பார்கள். இடமே தெரியாதவருக்கு அது பெரும் பாரம். ஹீலரின் நிலை வேறு. அவர் அந்த அழகான குகையையோ கோட்டையையோ பார்ப்பதே அரிது. திரையின் ஓரத்தில் தோழர்களின் உயிர் அளவைக் காட்டி ஏறி இறங்கும் பச்சைக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நொடி கண் தவறினால் யாரோ ஒருவர் விழுவார். டேமேஜ் தரும் மூவரில் ஒருவர் சற்றுத் தடுமாறினால் சண்டை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அதனால் முதல் கதாபாத்திரம் டேமேஜ் தருவதாக இருக்கட்டும் என்பது என் பரிந்துரை. இதற்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலானோர் இதையே தேர்ந்தெடுப்பதால், குழு அமையக் காத்திருக்கும் நேரம் டேமேஜுக்குத்தான் வழக்கமாக அதிகம்.

என் முதல் கதாபாத்திரம் ஹீலர். குழுக்களுக்கு எப்போதும் ஹீலர் தேவை என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு எடுத்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் முதல் சில வாரங்களில் நான் பெரும்பாலும் தனியாகவே இருந்தேன். தனியாக இருக்கும் ஹீலரின் கையில் ஆற்றுவதற்கு மருந்து நிறைய இருக்கிறது, எதிரியை வீழ்த்துவதற்கு ஆயுதம் குறைவு. ஓர் ஓநாயை வீழ்த்த எடுத்துக்கொண்ட நேரத்தில் பக்கத்தில் இன்னொருவர் மூன்றை முடித்துவிட்டுப் போனார். எனக்குக் குழு வாழ்க்கை பிடித்திருந்தது. அது வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விட்டது.

எளிதாகத் தெரிவதும் எளிதாக இருப்பதும்

புதியவர்கள் மிக அதிகமாக ஏமாறுவது இங்கேதான். கையில் பெரிய வாள், உடம்பெல்லாம் இரும்பு, ஓடிப்போய் அடிக்க வேண்டியதுதான். எனவே போர்வீரர்தான் எளிது என்று தோன்றும். கிளாசிக்கில் தனியாக லெவல் ஏற்றுவதற்கு மிகக் கடினமான கிளாஸ்களில் ஒன்று அந்தப் போர்வீரர். காயத்தை ஆற்றிக்கொள்ள அவருக்கு மந்திரம் கிடையாது. நல்ல ஆயுதம் கிடைக்காதவரை அடி பலமாக விழாது. ஒரே நேரத்தில் இரண்டு எதிரிகள் வந்துவிட்டால் தப்பி ஓடவும் வழி குறைவு. பார்க்க எளிமையாக இருப்பவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ளும் கருவிகள் மிகக் குறைவாகத் தரப்பட்டிருக்கின்றன.

தொடக்கக்காரருக்கு ஏற்ற கிளாஸ் எது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: தவறு செய்தால் எத்தனை நொடி அவகாசம் தருகிறது? நீங்கள் தவறுவீர்கள். இரண்டு எதிரிகளை எழுப்ப நினைத்து நான்கை எழுப்பிவிடுவீர்கள். பொத்தானைத் தேடும்போது கை தடுமாறும். அந்த நொடிகளை எதைக் கொண்டு வாங்குவது என்பதில்தான் கிளாஸ்கள் வேறுபடுகின்றன.

தூரம் ஒரு வழி. எதிரி ஓடி வந்து சேர்வதற்குள் நான்கைந்து அம்புகளோ நெருப்புப் பந்துகளோ விட்டுவிடலாம். ஆனால் மந்திரவாதியை எடுத்துக்கொண்டால், அவர் அணிந்திருப்பது வெறும் துணி. எதிரி அருகே வந்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது அறிவுதான். கிளாசிக்கில் 10ஆம் லெவலில் எதிரியின் காலை உறையவைக்கும் ஃபிராஸ்ட் நோவா கிடைக்கிறது. உறையவைத்து, பின்வாங்கி, மீண்டும் தாக்குவது என்ற இந்தச் சிறு நடனம் கைவந்துவிட்டால் மந்திரவாதியைப் போல ஆனந்தம் தருவது வேறில்லை. கைவராதவரை அடிக்கடி இடுகாட்டைப் பார்க்க நேரும்.

தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் திறன் இன்னொரு வழி. பாலடின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனத்த கவசமும் இருக்கிறது, ஆற்றும் மந்திரமும் இருக்கிறது. கில்டு வார்ஸ் 2 இன்னும் ஒருபடி மேலே போய், எல்லா கிளாஸுக்கும் காயம் ஆற்றும் வித்தை ஒன்றைக் கட்டாயமாகக் கொடுத்திருக்கிறது. அங்கே நெக்ரோமான்சருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரம் உண்டு. எதிரிகள் மடிய மடிய அவரிடம் ஓர் ஆற்றல் சேரும். அதைக் கொண்டு நிழலுருவம் எடுத்தால், விழும் அடியெல்லாம் உயிரிலிருந்து கழியாமல் அந்த ஆற்றலிலிருந்து கழியும். இரண்டு உயிர்க்கோடுகள் இருப்பது போல. அந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவரிடம் நான் முதலில் காட்டுவது நெக்ரோமான்சரைத்தான். அதே விளையாட்டில் எலிமென்டலிஸ்டைத் தயவுசெய்து பிறகு பாருங்கள். நெருப்பு, நீர், காற்று, நிலம் என்று நான்கு நிலைகளுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்க வேண்டும். உடலோ மிக மெல்லியது.

மூன்றாவது வழி துணை விலங்கு. என் பார்வையில் தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. ஹன்டரின் கரடி முன்னால் போய் எதிரியின் கணக்கில் முதலிடம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் தள்ளி நின்று அம்பு விடுவீர்கள். டேங்க் என்றால் என்ன, எதிரியின் கவனம் எப்போது திரும்பும், அதிகம் அடித்தால் என்ன ஆகும் என்ற குழுப் பாடங்கள் அத்தனையையும் யாருடைய கோபத்துக்கும் ஆளாகாமல் நீங்களும் உங்கள் கரடியுமாகக் கற்றுவிடலாம். தவறினால் கரடி விழும். நீங்கள் ஓடித் தப்பிக்கலாம். பிறகு அதை உயிர்ப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த வடிவத்தை ஆடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஹன்டருக்கு முதல் லெவலிலேயே விலங்கு இருக்கிறது. பீஸ்ட் மாஸ்டரி என்ற பிரிவை எடுத்தால் ஓடிக்கொண்டே அம்பும் விடலாம். கிளாசிக்கில் 10ஆம் லெவல் வரை விலங்கே கிடையாது. கிடைத்த பிறகும் அதற்கு இரை போட வேண்டும். மகிழ்ச்சியாக இருக்கும் விலங்கு 125 விழுக்காடு பலத்தோடு அடிக்கும், பட்டினி போட்டால் 75 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், தொடர்ந்து புறக்கணித்தால் உங்களை விட்டே போய்விடும். அம்புகளையும் மறக்காமல் வாங்கி வைத்திருக்க வேண்டும். எனக்கு இந்தப் பராமரிப்பு பிடிக்கும். ஒரு உயிரை வளர்க்கும் உணர்வு அதில் இருக்கிறது. தொல்லை என்று நினைப்பவர்களுக்குக் கிளாசிக்கிலேயே வார்லாக் இருக்கிறார். அவருடைய பூதங்கள் இரை கேட்பதில்லை.

எல்லா வேலையும் தெரிந்த டிரூயிட் போன்ற கிளாஸ்களைப் பற்றியும் கேட்பார்கள். கரடியாக மாறி அடி வாங்கலாம், பூனையாக மாறிப் பதுங்கலாம், மனித வடிவில் மருந்திடலாம். எதையும் முடிவு செய்ய இயலாதவருக்கு இது பெரிய வசதி. ஆனால் மூன்று தொழில்களின் பொத்தான்களையும் சேர்த்துக் கற்க வேண்டும். முதல் மாதத்திலேயே அந்தச் சுமை வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கைக்கு ஒரு தாளம்

இப்போது என் அக்கா மகளிடம் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கிளாஸும் தன் வித்தைகளுக்கு ஓர் எரிபொருளைச் செலவழிக்கிறது. அந்த எரிபொருள் எப்படி நிறைகிறது, எப்படிக் குறைகிறது என்பதில்தான் அந்த கிளாஸின் குணமே அடங்கியிருக்கிறது. கவசம், ஆயுதம் போன்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மந்திரவாதியும் சமயகுருவும் செலவழிப்பது மானா. சண்டை தொடங்கும்போது குடம் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் குறைந்துகொண்டே வரும். கிளாசிக்கில் இரண்டு மூன்று சண்டைகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து நீர் அருந்தித்தான் அதை நிரப்ப வேண்டும். ஆகவே மந்திரவாதியின் ஆட்டம் என்பது சிக்கனம். கொஞ்சம் செலவழித்து, உட்கார்ந்து, மூச்சு விட்டு, மறுபடி எழுவது. போர்வீரரின் எரிபொருள் சினம். அவர் வெறுங்குடத்தோடுதான் தொடங்குவார். அடிக்க அடிக்க, அடி வாங்க வாங்க அது ஏறும். சண்டை ஓய்ந்தால் வடிந்துவிடும். அதனால் ஒரு சண்டையின் சூடு ஆறுவதற்குள் அடுத்ததைத் தேடி ஓடத் தோன்றும். ரோக் எனப்படும் பதுங்கித் தாக்குபவரின் எரிபொருள் எனர்ஜி. அது 100 வரை இருக்கும். கிளாசிக்கில் 2 நொடிக்கு 20 என்று கடிகாரம் போலத் தானாக நிறையும். ஒன்று, இரண்டு, அடி. ஒன்று, இரண்டு, அடி. அது ஒரு தாளக்கட்டு.

மூன்றுமே எதிரியை வீழ்த்துகின்றன. ஆனால் நூறு மணி நேரம் ஆடிய பிறகு மூன்று கைகளும் மூன்று விதமாகப் பழகியிருக்கும். திட்டமிட்டுச் செலவழிப்பது உங்கள் இயல்பா, விரட்டிக்கொண்டே போவதா, காத்திருந்து சரியான நொடியில் குத்துவதா? இதற்குப் பதில் யாரும் சொல்லித்தர முடியாது. பத்து லெவல் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனம்: முதுகைப் பார்க்கும் தேர்வு

ஒரு காலத்தில் இனம் மிகக் கடுமையான முடிவாக இருந்தது. 1999 மார்ச்சில் வந்த எவர்குவெஸ்டில் ஓகர் என்ற பேருருவினரை முன்னாலிருந்து தாக்கி நிலைகுலையச் செய்ய முடியாது. ட்ரோலின் காயங்கள் வேகமாக ஆறும். அதற்கு ஈடாக அவர் ஒவ்வொரு லெவலுக்கும் கூடுதல் அனுபவப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. மனிதராகப் பிறந்தவருக்கு இரவில் விளக்கில்லாமல் எதுவும் தெரியாது. கரிய எல்ஃப் மனிதர்களின் நகரத்து வாசலை நெருங்கினால் காவலர்களே வெட்டிப் போடுவார்கள். அந்த உலகத்தில் நீங்கள் எந்த உடலில் பிறந்தீர்கள் என்பது உங்கள் வாழ்க்கையையே மாற்றியது.

இன்று அந்த வேறுபாடுகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் இனங்களுக்கிடையே தொடக்க எண்களில் சில புள்ளிகள் வித்தியாசம் உண்டு. லெவல் ஏறியதும் அது கடுகளவுகூடப் பொருட்டில்லை. கில்டு வார்ஸ் 2இல் இனம் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்கள் சொந்தக் கதையையும் தொடங்கும் இடத்தையும்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒவ்வொரு இனத்துக்கும் சில தனித்திறன்கள் இருக்கின்றன. நோம் இனத்தவர் கால்கட்டிலிருந்து விடுபடுவார், காளை உருவம் கொண்ட டாரன் நிலத்தை மிதித்து எதிரிகளைத் திகைக்கவைப்பார். சுவையானவைதான். அவற்றுக்காக ஓர் இனத்தை எடுக்க வேண்டிய தேவை புதியவருக்கு இல்லை.

பூட்டுகளும் திறந்துகொண்டே வருகின்றன. 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்தபோது, மனிதரும் குள்ளரும் மட்டுமே பாலடின் ஆக முடியும்; இரவு எல்ஃபும் டாரனும் மட்டுமே டிரூயிட் ஆக முடியும். பின்னர் வந்த பதிப்புகள் இந்த வரம்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தின. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிநூல் ரேஸ் என்ற சொல்லையே கைவிட்டு ஸ்பீஷீஸ் என்று மாற்றிக்கொண்டது. பிறப்பைக் கொண்டு திறமைக்கு வேலி போடும் வழக்கம் கற்பனை உலகத்திலிருந்தாவது விலகுவது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

அப்படியானால் இனத்தை எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? கண்ணைக் கொண்டு. இந்த விளையாட்டுகளில் கேமரா பெரும்பாலும் உங்கள் கதாபாத்திரத்துக்குப் பின்னால் நிற்கும். நீங்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் பார்க்கப்போவது அதன் முதுகையும் நடையையும் ஓட்டத்தையும்தான். தேர்வுத் திரையில் முகத்தை மட்டும் ரசித்து முடிவு செய்யாதீர்கள். கதாபாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். கில்டு வார்ஸ் 2இன் சார் என்ற இனத்தவர் ஆயுதத்தை உறையில் போட்டுவிட்டால் நான்கு காலில் ஓடுவார்கள். சிலருக்கு அது கொள்ளை அழகு, சிலருக்குப் பார்க்கவே பிடிக்காது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் குளம்புக் கால் கொண்ட டாரனுக்கும் டிரினாய்க்கும் நீங்கள் தேடிப்பிடித்த அழகிய காலணி முழுதாகத் தெரியாது. ஃபைனல் ஃபேன்டஸியின் லாலஃபெல் குழந்தையின் உயரமே இருப்பார். இவையெல்லாம் அற்பக் காரணங்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிடித்துப்போன உருவம்தான் மறுநாளும் உள்ளே வரவைக்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: அணி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பெரும்பாலான இனங்கள் அலையன்ஸ், ஹோர்டு என்ற இரு தரப்பில் ஒன்றைச் சேர்ந்தவை. நீங்கள் ஓர்க், உங்கள் நண்பர் மனிதர் என்றால், கிளாசிக்கில் இருவரும் சேர்ந்து குழு அமைக்க முடியாது. உரையாடல் பெட்டியில் எழுதினாலும் எதிர்த்தரப்புக்கு அது புரியாத எழுத்தாகத்தான் போய்ச் சேரும். புதிய வடிவத்தில் 2022 முதல் டன்ஜன்களுக்கும், பெருங்குழுவாகச் செல்லும் ரெய்டுகளுக்கும் இரு தரப்பினரும் சேர்ந்து போக வழி செய்திருக்கிறார்கள். நண்பர்களோடு ஆடத்தான் வருகிறீர்கள் என்றால், இனத்தைத் தொடும் முன் அவர்கள் எந்த சர்வரில், எந்த அணியில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எதைத் திரும்பப் பெறலாம்?

தயக்கத்தின் பெரும்பகுதி, ஒருமுறை முடிவு செய்தால் மாற்றவே முடியாதோ என்ற அச்சம். விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறுகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கிளாஸை மாற்ற முடியாது. இனத்தைக் கட்டணம் செலுத்தி மாற்றலாம். கில்டு வார்ஸ் 2இல் இரண்டையும் மாற்ற முடியாது, புதிய கதாபாத்திரம்தான் தொடங்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 14 நேர் எதிர். ஒரே கதாபாத்திரம் எல்லாத் தொழிலையும் கற்கலாம். தொடக்க கிளாஸில் 10ஆம் லெவலில் தரப்படும் குவெஸ்ட் என்ற பணியை முடித்தால், மற்ற தொழில்களைக் கற்றுத்தரும் கில்டுகளின் கதவு திறக்கும். கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் கிளாஸே மாறிவிடும். உருவத்தை மாற்ற ஃபேன்டேசியா என்ற மருந்து இருக்கிறது. முடிவெடுக்க மிகவும் அஞ்சுபவர்களுக்கு நான் ஃபைனல் ஃபேன்டஸியைச் சொல்வது இதனால்தான். அதில் ஆர்கனிஸ்டாகத் தொடங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு: 30ஆம் லெவலில் அதே கிளாஸ் சம்மனர் என்ற டேமேஜ் தொழிலுக்கும் ஸ்காலர் என்ற ஹீலர் தொழிலுக்கும் வழிவிடுகிறது.

எந்த கிளாஸ் உச்சம், எது அடிமட்டம் என்று தரவரிசை போடும் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். அவற்றை மூடி வையுங்கள். அவை கடைசி லெவலில், சிறந்த ஆயுதங்களோடு, தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடும் சண்டைகளைக் கொண்டு அளந்தவை. அடுத்த திருத்தம் வந்தால் வரிசையே புரண்டுவிடும். ஐந்தாம் லெவலில் ஒரு காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அவற்றில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

இவற்றுக்குப் பதிலாக இரண்டு நாள் செலவழியுங்கள். மனத்துக்குப் பட்ட மூன்று கிளாஸ்களில் மூன்று கதாபாத்திரங்களை உருவாக்கி, ஒவ்வொன்றையும் 10ஆம் லெவல் வரை கொண்டுபோங்கள். இன்றைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் புதியவர்களுக்கென்றே எக்ஸைல்ஸ் ரீச் என்ற தீவு இருக்கிறது. அதை முடிக்கும்போது 10ஆம் லெவலைத் தொட்டிருப்பீர்கள். ஆடும்போது சிலவற்றைக் கவனியுங்கள். இறந்தபோது ஏன் இறந்தோம் என்று தெரிந்ததா? தெரிந்திருந்தால் அந்த கிளாஸ் உங்களோடு பேசுகிறது. தெரியவில்லை என்றால் அதன் பாடம் இன்னும் உங்கள் காதுக்கு எட்டவில்லை. ஆறு மாதம் கழித்து எட்டலாம். புதிய வித்தை ஒன்று கிடைத்தபோது அதை உடனே யார் மேலாவது பயன்படுத்திப் பார்க்க மனம் துடித்ததா? கணினியை அணைத்த பிறகு மூவரில் யாருடைய நினைவு வந்தது?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. பிறருக்குத் துணைநிற்பதில்தான் தனக்கு இன்பம் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உடன் ஆட நண்பர் ஒருவராவது உறுதியாக இருந்தால், அவர்கள் முதல் நாளே ஹீலராகத் தொடங்கட்டும். நான் பட்ட தனிமை அவர்களுக்கு இருக்காது.

அக்கா மகள் கடைசியில் குள்ளர் இனத்து ஹன்டரை எடுத்தாள். குள்ளர்கள் தொடங்கும் டுன் மோரோ முழுக்கப் பனி. விலங்கில்லாத முதல் ஒன்பது லெவல்களைச் சிரமப்பட்டுத்தான் கடந்தாள். 10ஆம் லெவலில் விலங்கு பழக்கும் குவெஸ்ட் வந்தது. ஒரு காட்டுப்பன்றி, ஒரு பனிச்சிறுத்தை, ஒரு பனிக்கரடி என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கிக் காட்ட வேண்டும். அந்த மூன்றும் பாடத்துக்காக வந்தவை. குவெஸ்ட் முடிந்தால் போய்விடும். "சித்தி, கரடி போய்விட்டது!" என்று பதறினாள். இனிமேல் உனக்கானதை நீயேதான் தேடிப் பிடிக்க வேண்டும் என்றேன். அவள் வேறு விலங்கு எதையும் பார்க்கவில்லை. வந்த வழியே பனிச்சரிவில் ஏறி, அதே வகைக் கரடி ஒன்றைக் கண்டுபிடித்து, அது அடித்துக்கொண்டிருக்கும்போதே அசையாமல் நின்று பழக்கி முடித்தாள். முதல் வேலையாகப் பையிலிருந்த இறைச்சியை எடுத்து அதற்குப் போட்டாள்.